ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி: புதுச்சேரிப் பகுதியில் அதன் வரலாறு

ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி என்பது வெள்ளாட்டின் பாலை உறையச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டு உருவாக்கப்படும் உணவு. பிரெஞ்சுக்காரர்கள் இதை ஆட்டின் பெயராலேயே 'ஷெவ்ர்' என்று அழைக்கின்றனர். புதுச்சேரி 1674 முதல் 1954 வரை, டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் சில காலம் கைமாறியது போக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றியுள்ள ஊர்களில் வெள்ளாடு வளர்ப்பது பழங்காலம் தொட்டு வரும் தொழில். உண்ணத் தெரிந்த ஆட்சியாளரும் பால் தரும் ஆடும் ஒரே இடத்தில் இருந்தும் இந்த உணவு இங்கு வேரூன்றவில்லை. பிரெஞ்சு ரொட்டி புதுச்சேரித் தெருக்களில் தங்கியது, பாலாடைக்கட்டி தங்கவில்லை. இதற்குச் சுவை வேறுபாடு மட்டும் காரணம் அன்று. பாலின் அளவு, வெப்பம், வாங்குவோர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தடையாக இருந்தன.

ஊரும் ஆடும்

பூரணாங்குப்பம் புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் உள்ள தவளக்குப்பத்திற்குக் கிழக்கே, கடலை ஒட்டி அமைந்த ஊர். அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்தது. 'கொம்யூன்' என்ற சொல்லே பிரெஞ்சு நிர்வாகம் விட்டுச் சென்ற எச்சம். இவ்வூருக்கு வடக்கே சுண்ணாம்பாறும், அதற்கப்பால் அரிக்கமேடும் உள்ளன. 1945-இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடிகள் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் அவற்றில் வந்தன. மேலை நாட்டு உணவு இக்கரைக்கு வருவது 2,000 ஆண்டுப் பழக்கம். ஆனால் வந்தவை யாவும் கெடாமல் கடல் தாண்டக்கூடியவை.

அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் ஆடு பெரும்பாலும் நிலமற்ற குடும்பங்களின் சொத்து. இரண்டு மூன்று ஆடுகளைப் பெண்கள் வளர்ப்பர். வேலியோரத் தழை, கொடுக்காப்புளி, வேம்பு, அறுவடை முடிந்த வயல் ஆகியவையே தீவனம். பள்ளிக் கட்டணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ பணம் தேவைப்படும்போது ஒரு கிடாவை விற்பர். எனவே இங்கு வெள்ளாடு கறிக்கான விலங்காகவும் வீட்டுச் சேமிப்பாகவும் இருந்தது. பால் முதலில் குட்டிக்கு உரியது. மிஞ்சினால் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுப்பர்.

தமிழரின் பால் மரபு

சங்க இலக்கியம் முல்லை நில மக்களை அவர்கள் வளர்த்த விலங்கைக் கொண்டு பிரித்துக் காட்டுகிறது. பசு வளர்த்தோர் கோவினத்தாயர், எருமை வளர்த்தோர் கோட்டினத்தாயர், ஆடு வளர்த்தோர் புல்லினத்தாயர். தயிர் கடைந்து மோர் விற்கும் ஆய்மகளின் வாழ்வைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. அன்று முதல் இன்று வரை தமிழரின் பால் பொருள்கள் தயிர், மோர், வெண்ணெய், நெய் என்ற வரிசையிலேயே நிற்கின்றன. வெப்ப நாட்டில் பாலைக் காப்பதற்கு இது அறிவார்ந்த வழி. தயிர் ஓரிரு நாள் தாங்கும், உருக்கிய நெய் மாதக் கணக்கில் தாங்கும். நெய் கிடைக்கும்போது பாலைக் கட்டியாக்கிச் சேமிக்கும் தேவை எழவில்லை. திரிந்த பாலைக் கெட்ட பாலாகவே வீடுகள் கருதின.

ஆயினும் பாலைத் திடப்பொருளாக்கும் அறிவு இங்கு இல்லாமல் இல்லை. ஈன்ற விலங்கின் முதல் சில நாள் பாலான சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் அது கட்டியாக இறுகும். உறையச் செய்யும் பொருளும் எட்டாததன்று. அத்தி மரத்தின் பால் ஆட்டுப்பாலை உறையச் செய்யும் என்பதைப் பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தனர். வடமேற்கு இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பாலை உறைய வைக்கப் பயன்பட்ட பனீர்ப்பூ, தமிழ்நாட்டின் நாட்டு மருந்துக் கடைகளில் நீரிழிவுக்கான மருந்தாக விற்கப்படுகிறது. தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தொழிலாக்கும் அளவுக்குப் பால் இல்லை.

பிரான்சில் நடந்தது

வெள்ளாட்டை 'ஏழைகளின் பசு' என்பது தமிழில் மட்டும் உள்ள வழக்கன்று. பிரெஞ்சிலும் அதே தொடர் உண்டு. லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் புவாத்து பகுதியிலும் சிறு உழவர் வீடுகளில் பெண்களே ஆடு வளர்த்தனர். மிஞ்சிய பாலைச் சிறு கட்டிகளாக்கி வீட்டிற்கும் சந்தைக்கும் பயன்படுத்தினர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, இழந்த வருமானத்தை ஈடுகட்டப் பல குடும்பங்கள் ஆட்டையும் பாலையும் நாடின. 1976-இல் ஷவிஞோல் என்ற சிற்றூரின் ஆட்டுப்பால் கட்டிக்கு மூலப்பெயர்ப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. ஏழை வீட்டின் உணவு நாட்டின் பெருமைகளில் ஒன்றானது.

இரு நாடுகளிலும் ஆட்டை வளர்த்தவர் ஏழைப் பெண்களே. வேறுபட்டவை ஆட்டின் இனமும் வீட்டின் குளிர்ச்சியும். பிரான்சின் நிலவறைகள் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருக்கும். கட்டி முதிர்வதற்கு ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியசும் மிகுந்த ஈரப்பதமும் தேவை. புதுச்சேரியில் ஈரப்பதம் உண்டு, அந்தக் குளிர்ச்சி மார்கழியிலும் இல்லை.

ஆட்சி இருந்தும் வராத உணவு

ரொட்டிக்கு மாவும் அடுப்பும் போதும். மாவைக் கப்பலில் கொண்டுவரலாம். புதிய ஆட்டுப்பால் கட்டி சில நாள்களில் கெட்டுவிடும். ஆகவே பாலுள்ள இடத்திலேயே அதைச் செய்தாக வேண்டும். புதுச்சேரியில் வாழ்ந்த ஐரோப்பியர் தொகை எக்காலத்திலும் சிறியது. அவர்களுக்காக ஒரு பால் தொழிலை உருவாக்கும் அளவுக்குச் சந்தை இல்லை.

வங்காளத்தோடு ஒப்பிடுவது பயனுள்ளது. ஹூக்ளிக் கரையில் போர்ச்சுக்கீசியர் குடியேறிய பண்டேலின் பெயரால் உப்பிட்ட சிறு பாற்கட்டி ஒன்று இன்றும் வழங்குகிறது. வங்காள இனிப்புகளின் அடிப்படையான 'சானா'வும் போர்ச்சுக்கீசியத் தாக்கத்தால் பரவியது என்று உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா கருதினார். இக்கருத்தைப் பின்வந்தோர் சிலர் ஏற்கவில்லை. எவ்வாறாயினும், அங்கு உள்ளூர் இனிப்புக் கடைகளே பாற்கட்டியின் வாடிக்கையாளர் ஆயின. புதுச்சேரியில் அத்தகைய உள்ளூர்ப் பயன்பாடு தோன்றவில்லை.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. பின்னர் வளர்ந்த பால் கூட்டுறவு 'பாண்லே' என்று பெயர் பெற்றது. பெயரின் இறுதியில் உள்ள 'லே' பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஆனால் கூட்டுறவு திரட்டியது மாட்டுப்பாலையே. ஆட்டுப்பாலுக்குச் சேகரிப்பு நிலையமோ நிலையான விலையோ ஏற்படவில்லை.

ஆரோவில்லும் அதன் பின்னும்

1968 பிப்ரவரி 28 அன்று புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் தொடங்கப்பட்டது. பல நாட்டவர் குடியேறிய அந்த இடத்தில், 1988-இல் 'லா ஃபெர்ம்' என்ற பாலாடைக்கட்டிக் கூடம் உருவானது. பிரெஞ்சில் அப்பெயருக்குப் 'பண்ணை' என்று பொருள். மாட்டுப்பாலில் கைமுறையாகச் செய்யப்பட்ட அதன் கட்டிகள் புதுச்சேரி உணவகங்களுக்கும் பிற நகரங்களுக்கும் சென்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நிலவிய தடைகள் இக்காலத்தில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மின்சாரக் குளிர்அறை நிலவறையின் இடத்தைப் பிடித்தது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டுக்குப் பதிலாக நுண்ணுயிரி வழி உறைபொருள் கிடைத்ததால், சைவ உணவினரும் வாங்கக்கூடியதாயிற்று. சுற்றுலா வளர்ந்து வாங்குவோரைக் கொண்டுவந்தது. 2016-இல் சென்னையில் தொடங்கிய 'கேசே' போன்ற சிறு கூடங்கள் இவ்வழியைத் தொடர்ந்தன. எஞ்சிய தடை ஒன்றே: ஆட்டுப்பாலின் அளவு.

செய்முறை

ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் சிறியவை. உறையும்போது மாட்டுப்பாலைவிட மென்மையான கட்டி உருவாகும். தீவனத்தின் கரோட்டினை ஆட்டின் உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் பாலும் கட்டியும் தூய வெண்மையாக இருக்கும். தனி மணத்தைத் தரும் கொழுப்பு அமிலங்கள் சிலவற்றின் பெயர்களே ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. கிடாவின் வாடை பாலில் ஏறாதிருக்க அதைக் கறவை ஆடுகளிடமிருந்து விலக்கிக் கட்டுவர்.

பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, ஏறத்தாழ 20 முதல் 22 டிகிரிக்கு ஆறவிடுவர். பின் நுண்ணுயிர் உறையும் சில துளி உறைபொருளும் சேர்த்து ஒரு நாள் அளவுக்கு அசையாமல் வைப்பர். உறைந்ததை அகப்பையால் அள்ளித் துளையிட்ட அச்சுகளிலோ துணியிலோ இட்டு நீரை வடித்து உப்பிடுவர். கிருமி நீக்கம் தவிர்க்கக் கூடாதது. 1887-இல் டேவிட் புரூஸ் மால்டா காய்ச்சலின் கிருமியைக் கண்டறிந்தார். அது ஆட்டுப்பால் வழியே பரவுகிறது என்பதை 1905-இல் தெமிஸ்டக்கிளீஸ் சாமிட் வெளிப்படுத்தினார். புருசெல்லா எனப்படும் அக்கிருமி இந்திய ஆடுகளிலும் உண்டு.

சிறு பண்ணையின் கணக்கு

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகள் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 99 லட்சம். ஆயினும் நாட்டின் பால் உற்பத்தியில் ஆட்டின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே. கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகிய தமிழ்நாட்டு இனங்கள் வறட்சியைத் தாங்கி, கறிக்காக வளர்க்கப்படுபவை. பாலுக்குப் பெயர்பெற்றவை வடக்கின் ஜமுனாபாரியும் பீட்டலும். கேரளத்தின் தலைச்சேரி ஆடு பாலுக்கும் கறிக்கும் உதவும்.

ஒரு கிலோ புதிய கட்டிக்குச் சுமார் 6 லிட்டர் பால் தேவை. குட்டிக்குப் போக நாளொன்றுக்குக் கால் லிட்டர் மிஞ்சும் நாட்டு ஆடாயின் 24 ஆடுகளைக் கறக்க வேண்டும். நாளுக்கு 3 லிட்டர் தரும் ஐரோப்பியச் சானென் இனமாயின் 2 ஆடுகள் போதும். ஆனால் அந்த இனம் கடலோர வெப்பத்தைத் தாங்க நிழலும் பரண் கொட்டகையும் அடர்தீவனமும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் குளம்பு அழுகலுக்கும், எக்காலத்திலும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் எதிராகக் காவல் வேண்டும். முதலீடு உள்ளவர்க்கே இது இயலும்.

இங்குதான் இவ்வரலாறு இன்றைய கேள்வியாகிறது. புதுச்சேரியின் உணவகத் தட்டில் ஆட்டுப்பால் கட்டி இடம்பெறுவதால் மட்டும், மூன்று ஆடு வளர்க்கும் ஊர்ப்பெண்ணுக்கு வருமானம் வந்துவிடாது. பல வீடுகளின் சிறு அளவுப் பாலைக் குளிரூட்டித் திரட்டும் ஏற்பாடு, பால் இனக் கிடாக்களின் வழி இன மேம்பாடு, நோய்ப் பரிசோதனை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வரலாம். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். கால்நடை மருத்துவக் கல்லூரியும் இங்கு உண்டு. ஆகவே அறிவுத் துணைக்குக் குறைவில்லை. மாட்டுப்பாலுக்குக் கூட்டுறவு செய்த வேலையை ஆட்டுப்பாலுக்கு ஒருவரும் செய்யவில்லை என்பதே குறை. அது நிகழும் வரை பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் ஆடு கறிச்சந்தையை நோக்கியே வளரும்.