விஸ்வரூபம் வில்லனும் ஒரு முட்டைப் பந்தும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஷிப்ட் மாறி மாறி வர்றதுல எழுத உட்கார்ந்தா தூக்கம்தான் முதல்ல வருது. இன்னிக்கு வார விடுமுறை, ஆரணியில கரண்ட்டும் இருக்கு. அதனால ஒரு சரித்திரக் கதை. (பட்டுச்சேலை ஆரணி இல்லீங்க. புதுவாயல்ல இறங்கி பெரியபாளையம் போற ரோட்டுல வருமே, அந்த ஆரணி. ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.)

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல என்கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் ஒடிசாக்காரன். ஒரு நாள் நைட் ஷிப்ட் டீ இடைவேளையில போன்ல விஸ்வரூபம் பட சீன் ஓடிட்டிருந்தது. ஒமரா வர்ற ராகுல் போஸைக் காட்டி, "அண்ணா, இவர் யாரு தெரியுமா?"ன்னு கேட்டான். "கமல் பட வில்லன்டா"ன்னேன். "இல்லண்ணா, எங்க ரக்பி பிரசிடெண்ட்"னான். நான் சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கல. பையன் ஊர்ல ஸ்கூல் படிக்கும்போது ரக்பி ஆடினவனாம். எங்க செக்‌ஷன்ல ரெண்டு வருஷமா பக்கத்துல நிக்கிறான், எனக்குத் தெரியவே இல்ல.

அன்னைக்குத் தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. இந்தியாவுல ரக்பின்னா அது துரைமாருங்க விளையாட்டு. 1872 கிறிஸ்துமஸ் அன்னைக்கு கல்கத்தாவுல இங்கிலாந்துக்காரங்க ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரங்க இன்னொரு பக்கம்னு பக்கத்துக்கு இருபது பேர் இறங்கி ஆடியிருக்காங்க. அடுத்த மாசமே கிளப் ஆரம்பிச்சாச்சு. ஆனா நம்ம ஊர் வெயில்ல ரக்பி எத்தனை நாள் தாங்கும்? பட்டாளம் ஊர் மாறிப் போச்சு, துரைங்களுக்கு போலோவும் டென்னிஸும் பிடிச்சுப் போச்சு. 1878ல கிளப்பைக் கலைச்சுட்டாங்க. பேங்க்ல மிச்சம் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செஞ்சு லண்டனுக்கு அனுப்பி வச்சாங்க. நாகப்பாம்புதான் கைப்பிடி, மூடி மேல ஒரு யானை. இன்னிக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதிக்கிறது இந்த 'கல்கத்தா கோப்பை'க்குத்தான். 1988ல ரெண்டு அணி வீரர்கள் ராத்திரி தண்ணியப் போட்டுட்டு எடின்பரோ தெருவுல இதைப் பந்து மாதிரி உதைச்சு நசுக்கினது தனிக்கதை. நம்மூர் வெள்ளிக்காசு, அவங்களுக்கென்ன!

கோப்பை போயிடுச்சு, விளையாட்டு மட்டும் கிளப்புகளுக்குள்ள தங்கிடுச்சு. கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஜிம்கானான்னு மதில் சுவருக்கு உள்ள. சுவருக்கு வெளியே இருந்த நமக்கு அப்படி ஒண்ணு நடக்கறதே தெரியாது. இந்திய ரக்பி சங்கம் 1968ல வந்தது. இந்தியான்னு பேர் போட்ட அணி முதல் முதலா சர்வதேசப் போட்டிக்குப் போனது 1998ல. 1872லேர்ந்து கணக்குப் போடுங்க, 126 வருஷம்!

(இலங்கைப் பதிவர்கள் இதைப் படிச்சுட்டுச் சிரிப்பீங்கன்னு தெரியும். உங்க ஊர்ல ராயல் கல்லூரிக்கும் டிரினிட்டிக்கும் நடக்கிற பிராட்பி கேடயம் 1945லேர்ந்து நடக்குது. வேக ஓட்டத்துலயும் ரக்பியிலயும் பேர் எடுத்து அப்புறம் பயிற்சியாளராவும் இருந்த சும்மா நவரத்தினம் மாதிரி ஒரு தமிழர் உங்களுக்கு உண்டு. எங்களுக்கு ஒரு சினிமா நடிகர் வேண்டியிருந்தது.)

அந்த 1998 அணியில ஒருத்தர்தான் ராகுல் போஸ். பிறந்தது 1967ல, வளர்ந்தது பம்பாய்ல. அம்மாதான் குத்துச்சண்டை, ரக்பின்னு பழக்கி விட்டிருக்காங்க, பையன் அம்மா பிள்ளையா ஆகிடக் கூடாதுன்னு. அந்த அம்மா 1987ல இறந்துட்டாங்க. அப்புறம் விளம்பரக் கம்பெனியில வேலை, 1994ல 'இங்கிலீஷ், ஆகஸ்ட்' படம், 2002ல அபர்ணா சென்னோட 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்'. கலவரத்துக்கு நடுவுல பஸ்ல வர்ற ஒரு தமிழ்ப் பொண்ணு, முன்பின் தெரியாத முஸ்லிம் போட்டோகிராபரைத் தன் புருஷன்னு சொல்லிக் காப்பாத்துவாளே, அந்தப் போட்டோகிராபர் இவர்தான். பார்க்காதவங்க பாருங்க.

இந்தப் படமெல்லாம் நடிச்சிட்டிருந்த காலத்துலயேதான் இந்திய அணிக்கும் ஆடிட்டிருந்தார்ங்கறது எனக்கு ஆச்சரியம். மூஞ்சிதான் மூலதனம்னு இருக்கிற தொழில்ல இருந்துக்கிட்டு, மூக்கு உடையற விளையாட்டுல இறங்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். ஆடின இடமும் ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கிற இடம் இல்ல. ஒண்ணு ஸ்க்ரம் ஹாஃப். எட்டு எட்டு பேர் தலையை முட்டிக்கிட்டு தள்ளுவாங்க இல்லையா, அந்தக் குவியல்லேர்ந்து பந்தை எடுத்து அடுத்து யாருக்குப் போகணும்னு முடிவு பண்ற ஆள். இன்னொண்ணு வலது விங், பந்து வந்தா கோட்டை ஒட்டிப் பறக்கற ஆள். சினிமாக்காரர்னு எதிராளி பாவம் பார்க்க மாட்டான், கூட ரெண்டு இடி வேணா வாங்கியிருப்பார். 2008ல, 41 வயசுல, அடுத்த சீசனுக்கு வரலைன்னு சொல்லிட்டார். ரக்பியில அது கிழவன் வயசு.

அதோட முடிஞ்சிருந்தா இது ஒரு துணுக்குச் செய்தி, அவ்வளவுதான்.

அவர் ஆட்டத்தை விட்ட அதே நேரத்துல, ரக்பி மதில் சுவரைத் தாண்டி வெளியே வந்துட்டிருந்தது. 2007லயே புவனேஸ்வர் கலிங்கா பள்ளியில படிச்ச பழங்குடிப் பசங்க லண்டனுக்குப் போய் 14 வயசுக்கு உட்பட்டோர் சர்வதேசப் பள்ளிப் போட்டியை ஜெயிச்சிட்டு வந்தாங்க. ஷூ போட்டுப் பழகாத பசங்க. பெண்கள் அணி 2018ல முதல் முதலா 15 பேர் ஆட்டத்துல இறங்குச்சு. அடுத்த வருஷமே மணிலாவுல சிங்கப்பூரை 21-19ன்னு ஜெயிச்சாங்க. முதல் வெற்றி. கடைசி நேரத்துல பெனால்டி உதைச்சு ஜெயிக்க வச்ச சுமித்ரா நாயக்கும் அதே கலிங்கா பள்ளிப் பொண்ணுதான். இந்தச் செய்தி நம்ம பேப்பர்ல எத்தனாம் பக்கத்துல வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பக்கம் டெல்லியில ஒரு காகிதம். 2020 செப்டம்பர்ல மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 43லேர்ந்து 63 விளையாட்டா ஆக்கினாங்க. புதுசா சேர்ந்த 20ல மல்லர் கம்பம், கயிறு இழுக்கறதோட சேர்த்து ரக்பியும் ஒண்ணு. ஒரு வரிதான். ஆனா ஒரு ஏழைப் பையனுக்கு பத்து டிரை அடிக்கறதை விட அந்த ஒரு வரி பெருசு. நம்ம தம்பி அதுக்கு முன்னாடியே ஆட்டத்தை விட்டுட்டு ரயிலேறிட்டான். சொல்லும்போது அவன் குரல் மாறல. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

ஏன்னா எனக்கும் ஒரு கதை இருக்கு. ஸ்கூல்ல நான் கபடி. ஒல்லியா இருந்தாலும் ரெய்டு நல்லாவே போவேன் (இப்ப இருக்கிற தொப்பையைப் பார்த்து நம்ப மாட்டீங்க). மாவட்ட அணித் தேர்வுக்கு என் பேர் போச்சு. கடிதமும் வந்தது. ஆனா அது ஒரு மேசை டிராயர்ல கிடந்து, தேர்வு முடிஞ்சு மூணாம் நாள்தான் என் கைக்கு வந்தது. யாரும் வேணும்னு செய்யல. மறந்துட்டாங்க. அவ்வளவுதான். மைதானத்துல யார்கிட்டயும் தோத்துப் போகாம, ஒரு டிராயர்கிட்ட தோத்தேன்.

அதனாலதான் ஆடினவங்களே நிர்வாகத்துக்குப் போறதை நான் கவனிச்சுப் பார்க்கறேன். 2019ல கங்குலி கிரிக்கெட் வாரியத்துக்குப் போனார். 2022ல ஹாக்கிக்கு திலீப் திர்கி, கால்பந்துக்கு கல்யாண் சவுபே, ஒலிம்பிக் சங்கத்துக்கு பி.டி. உஷா. இதே காலகட்டத்துலதான் ராகுல் போஸ் ரக்பி சங்கத் தலைவரா வந்தார். ஆடினவர் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா ரெய்டு போறவனுக்கு கணக்கு நோட்டு எழுத வரும்னு என்ன நிச்சயம்? ஆனா ஒரு கடிதம் தாமதமாப் போனா எங்க வலிக்கும்னு அவனுக்குத் தெரியும். அந்த அளவுக்கு நம்பிக்கை.

இவர் தலைவரா இருந்தப்ப நடந்த பெரிய விஷயம் 2025 ஜூன்ல வந்த ரக்பி பிரீமியர் லீக். ஜி.எம்.ஆர். கம்பெனியோட சேர்ந்து ஆறு அணி. வெளிநாட்டு நட்சத்திரங்களோட நம்ம பசங்களும் சேர்ந்து ஆடின எழுவர் ரக்பி. வழக்கமா எழுவர் ஆட்டம் ஒரு பாதிக்கு ஏழே நிமிஷம், எங்க டீ இடைவேளை மாதிரி. ஒலிம்பிக்ல இருக்கிறதும் இதுதான். 2016ல பத்து லட்சம் பேர்கூட இல்லாத பிஜி, பிரிட்டனை 43-7ன்னு அடிச்சு தன்னோட முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமா வாங்கினது இந்த ஆட்டத்துலதான். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாப் போன நம்ம ஆளுங்க வாழற அதே பிஜி.

முதல் வருஷக் கோப்பை யாருக்குன்னு நினைக்கிறீங்க? சென்னை புல்ஸ்! இறுதி ஆட்டத்துல டெல்லியை 41-0. "உங்க ஊர் ஜெயிச்சிடுச்சுண்ணா"ன்னு கலிங்கா பிளாக் டைகர்ஸ் ஆளான நம்ம தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். சென்னை சாம்பியன், சென்னையில யாருக்கும் தெரியல. எப்படித் தெரியும்? எல்லா ஆட்டமும் மும்பை அந்தேரி மைதானத்துலதானே நடந்தது. சென்னைன்னு பேர் வச்சுட்டு ஒரு ஆட்டம்கூட இங்க நடத்தாதது எனக்குக் குறைதான். தலைவர் ஐயா, ஜிம்கானா மதிலுக்குப் பதிலா டி.வி. பெட்டின்னு ஆகிடக் கூடாது பாருங்க.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கையில ஒரு பழைய முட்டைப் பந்து. ஆரணியாத்துல தண்ணி இல்ல, மணல்தான். தெருப் பசங்களைக் கூட்டிட்டுப் போனோம். பந்தை முன்னாடி எறியக் கூடாது, பின்னாடிதான் கொடுக்கணும்னு சொன்னதும் பசங்களுக்குக் குழப்பம். ஆனா ஆளைப் பிடிச்சுக் கீழே தள்ளலாம்னதும் குஷி ஆயிட்டாங்க. எட்டாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பொண்ணு, ஸ்கூல்ல கபடி ஆடறவ, என் இடுப்பைப் பிடிச்சு அப்படியே சாய்ச்சுட்டா. மூணு நாளா எழுந்திருக்க முடியல, அதுலதான் இந்தப் பதிவும் தாமதம், ஹி ஹி.

அந்தப் பொண்ணு "அண்ணே, இதுக்கு டிஸ்ட்ரிக்ட் செலக்‌ஷன் எல்லாம் உண்டா?"ன்னு கேட்டா. திருவள்ளூர் மாவட்டத்துல ரக்பி பழக்கறவங்க, அல்லது சென்னையில ஆடறவங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. கடிதம் வந்தா நானே கையில வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்.