பிரிவின் ஏடு: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் மணவிலக்கு ஆவணங்களைத் தேடி

பாட்டியின் மணவிலக்குத் தீர்ப்பைத் தேடிக் கிள்ளான் நகர நீதிமன்றத்தின் படியேறும் பேரப்பிள்ளை வெறுங்கையோடு திரும்ப நேரலாம். ஆவணம் கறையானுக்கு இரையாகிவிட்டது என்று அவர் வருந்த வேண்டியதில்லை. அது அந்த இடத்தில் ஒருபோதும் இருந்திராது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் இல்லை. அது உயர் நீதிமன்றத்துக்கே உரியது. எனவே நம் தேடல் நகர நீதிமன்றத்தை விட்டு விலகியே தொடங்க வேண்டும்.

எந்த உயர் நீதிமன்றம் என்பது அடுத்த வினா. இதற்கு ஊரைவிட ஆண்டே விடை சொல்லும். 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்படும் வரை அது சிலாங்கூரின் தலைநகராகவே விளங்கிற்று. கிள்ளானிலோ கேரித் தீவிலோ வாழ்ந்தவர் அக்காலத்தில் மணவிலக்கு வழக்குத் தொடுத்திருந்தால், அவர் கோலாலம்பூருக்கே வந்திருப்பார். பின்னர் ஷா ஆலம் மாநிலத் தலைநகராகி, அங்கே உயர் நீதிமன்றமும் அமைந்தது. இக்கால வழக்கு எண்களில் மணவிலக்கு மனுவை 33 என்னும் குறி காட்டும். அதன் முன்னே வரும் எழுத்து இடத்தைக் காட்டும்: 'டபிள்யூ' எனில் கூட்டரசுப் பிரதேசம், 'பி' எனில் சிலாங்கூர். பழைய கடிதக்கட்டில் இத்தகைய எண்ணுள்ள துண்டுத்தாள் ஒன்று அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆயினும் நம்மவரிற் பெரும்பாலோர்க்கு அத்தகைய எண்ணே இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இவ்வுரையின் உட்பொருள்.

1952ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களுக்கு மட்டுமே பொருந்தியது. தேவாலயத்தில் மணந்த தமிழ்க் கிறித்தவரும், அதே ஆண்டின் குடிமைத் திருமணச் சட்டத்தின்படி பதிந்து மணந்தவரும் அதன் வாயிலாக மணவிலக்குப் பெறலாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, கங்காணியும் உறவினரும் சாட்சியாக நின்ற மணமோ வழக்காற்று மணம். வழக்காறு பலதாரத்துக்கு இடம் தந்தமையால், அம்மணத்துக்கு அச்சட்டத்தின் கதவு திறக்கவில்லை. ஆண் இன்னொருத்தியை மணந்துகொள்ளலாம். அவனை விட்டு விலக நினைத்த பெண்ணுக்கோ நீதிமன்றத்தில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆவணக்காப்பகத்தின் வெறுமையை அக்காலக் குடும்பங்களின் ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

பிரிவுகள் நிகழாமல் இல்லை. நம் மொழியே அதற்குச் சாட்சி. 'விவாகரத்து', 'மணமுறிவு', 'மணவிலக்கு' என்பன ஏட்டுச் சொற்கள். பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் வழங்குவது 'அத்துவிடுதல்'. தாலியை அறுத்தல் என்பதிலிருந்து வந்த வழக்கு அது. விலகிய பெண் மறுமணம் செய்துகொள்வதை ஏற்ற சமூகங்களில் 'அறுத்துக்கட்டுதல்' என்றும் வழங்கிற்று. ஊர்ப் பெரியவர் கூடிப் பேசித் தீர்த்துவிட்ட அத்தகைய பிரிவுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. கப்பலேறி வந்தவர் சட்டப் புத்தகத்தைக் கொண்டு வரவில்லை. இவ்வழக்கத்தை உடன் கொண்டு வந்தனர். பெரட்டுக் களத்தில் நாள்தோறும் பெயரை எழுதிய கிராணியின் செக்ரோலில் ஒருவர் வேலைக்கு வந்தாரா இல்லையா என்பது பதிவாகும். யார் யாரை விட்டுப் போனார் என்பது பதிவாகாது.

எனில், முறிந்த மணங்கள் எங்கே எழுதப்பட்டன? குற்றவியல் ஏடுகளில். தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, மணமான பெண்ணைத் தீய நோக்கத்தோடு கவர்ந்து செல்வதையும் மறைத்து வைப்பதையும் குற்றமாக்கிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து மலாயாவுக்கு வந்த பிரிவு இது. தோட்டத்திலிருந்து மனைவி இன்னொருவனோடு போய்விட்டால், கணவன் அந்த ஆடவன் மீது முறையிடலாம். பெண்ணுக்கு மணவிலக்குத் தராத அரசு, அவளைக் கூட்டிச் சென்றவனுக்குத் தண்டனை தர அணியமாக இருந்தது. தொழிலாளர் ஆண்களாகவே வந்து பெண்கள் குறைந்திருந்த தோட்டங்களில் இவ்வழக்குகள் எத்தகைய பொருள் பெற்றன என்பதை வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். அவள் தானே விரும்பிப் போயிருக்கலாம் என்னும் எண்ணம் அப்பிரிவின் சொற்களில் இல்லை. அவள் கவரப்படும் பொருளாகவே எண்ணப்பட்டாள். மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது 2023 டிசம்பரில்தான்.

இதனால் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. வழக்கு அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவனுக்கும் இடையே நடப்பதாகையால், தலைப்பில் பெண்ணின் பெயர் இராது. பாட்டியின் பெயரைக் கொண்டு அட்டவணையில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. அவளுக்குப் பிற்காலத்தில் துணையாக வந்தவரின் பெயரைக் கொண்டு தேடிப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் எவரும் உரக்கச் சொல்லாத பெயராக அது இருக்கக்கூடும்.

1976ஆம் ஆண்டின் திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறிற்று. அன்று முதல் முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதாரமே முறை, பதிவு கட்டாயம். அதற்குமுன் வழக்காற்றின்படி முறையாக நடந்த மணங்கள் பதியப்பட்டனவாகவே கருதப்பட்டன. விரும்பினோர் பின்னரும் பதிந்து சான்றிதழ் பெற்றுக்கொள்ள இடமளிக்கப்பட்டது. பெற்றோரின் மணச்சான்றிதழில் பிள்ளைகளின் பிறப்புக்குப் பிந்திய நாள் இருப்பதைக் கண்டு திகைப்போர் இதை நினைவிற் கொள்க.

மணவிலக்கும் இச்சட்டத்தால் ஏட்டுக்கு வந்தது. இருவரும் உடன்பட்டால் கூட்டு மனு. உடன்படாவிடில், சில விலக்குகள் நீங்கலாக, முதலில் திருமண நடுவத்தின் முன் இணக்கம் பேசியாக வேண்டும். அது தோல்வியுற்றதற்கான சான்று பெற்ற பின்னரே உயர் நீதிமன்றம். ஆகவே, வழக்கேட்டை எட்ட முடியாதவருக்கு இணக்கப் பேச்சின் தாளேனும் குடும்பப் பெட்டியில் கிடைக்கலாம். எதிர்த்தரப்பினர் இருக்குமிடம் தெரியாதபோது நாளேட்டில் அறிவிப்பு வெளியிட நீதிமன்றம் ஆணையிடுவதுண்டு. நூலகங்களில் உள்ள பழைய நாளேடுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவது இதனால் வீண் வேலை ஆகாது.

இங்கே பலர் இடறும் கல் ஒன்று உண்டு. நீதிமன்றம் முதலில் தருவது 'டிகிரி நைசை' எனப்படும் இடைக்காலத் தீர்ப்பாணை. வழக்கமாக மூன்று மாதம் கழிந்து, அது 'டிகிரி அப்சலூட்' என முழுமை பெற்றால்தான் மணம் முறிந்ததாகும். இரும்புப் பெட்டியில் முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்ததென்று இருந்தவர் மறுமணம் செய்துகொண்டால், பின்னாளில் சேமநிதிப் பணத்துக்கோ வீட்டுக்கோ உரிமை கேட்கும்போது இரண்டாம் மனைவியின் நிலையே கேள்விக்குள்ளாகும். நகல் கேட்பவர் எப்போதும் இரண்டாம் தாளையே கேட்க வேண்டும்.

கேட்கும் முறை கடினமன்று. தரப்பினர் இருவர் பெயர், வழக்கு எண் அல்லது ஆண்டு, நடத்திய வழக்கறிஞர் பெயர் ஆகியவற்றோடு உயர் நீதிமன்றப் பதிவகத்தை அணுகி, சான்றுறுதி பெற்ற நகலுக்கு விண்ணப்பிக்கலாம். தரப்பினர் அல்லாதவர் உறவையும் காரணத்தையும் விளக்க வேண்டிவரும். பிறர் வாழ்வின் துயரத்தைத் திறக்கும் கதவு எளிதில் திறவாதிருத்தல் முறையே. தேசியப் பதிவுத் துறையின் ஏடும் துணைசெய்யும். குடியேற்றக் காலத்துக் கோப்புகளுக்கு மலேசியத் தேசிய ஆவணக்காப்பகத்தை நாட வேண்டும். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் அங்கேதான் உள்ளன. முன்பு ஜாலான் டூத்தா என வழங்கிய ஒரே சாலையில் காப்பகமும் கோலாலம்பூர் நீதிமன்ற வளாகமும் அமைந்திருப்பது தேடுவோர்க்கு வாய்த்த நற்பேறு.

பெயர்களில்தான் பொறுமை வேண்டும். கிராணியின் செவியில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அவை. ஒரே பெண் பிறப்புச் சான்றிதழில் லெட்சுமியாகவும், அடையாள அட்டையில் லெச்சுமியாகவும், வழக்கேட்டில் லட்சுமியாகவும் இருப்பாள். தந்தை பெயரை உடன் வைத்துப் பார்த்தாலன்றி ஒருத்தியை மற்றொருத்தியிலிருந்து பிரித்தறிய இயலாது. அத்தந்தையும் முனியாண்டியாக இருந்துவிட்டால், தேடுபவரை முருகன்தான் காக்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் குடும்பங்களின் தடம் வேறு திசையில் செல்லும். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் பலர் ஊருக்குச் சென்று மணமுடித்துத் திரும்பினர். அம்மணங்கள் இலங்கைப் பதிவேடுகளில் உள்ளன. அங்கே மணவிலக்கு வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் மணமும் தலாக்கும் ஷரியா நீதிமன்ற ஏடுகளிலும் மாநிலச் சமயத் துறையிலும் தேடத்தக்கவை. அவர்களுக்கு எழுத்துச் சான்று கிடைக்கும் வாய்ப்பு தோட்டத்து இந்துப் பெண்ணைவிடக் கூடுதல் என்பது கருதத்தக்கது.

எல்லா வாயில்களும் அடைபட்டபோது நாம் கையிலெடுப்பது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை. அவற்றை ஆண்டு வரிசையில் மேசைமேல் பரப்பிப் பார்க்கலாம். தாய் பெயர் மாறாதிருக்க, ஓரிடத்தில் தந்தை பெயர் மாறும். முகவரியில் தோட்டத்தின் பெயரும் மாறும். அவ்விரு தாள்களின் நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எங்கோ ஒரு பிரிவு நிகழ்ந்திருக்கிறது. அதன் நாளை எந்த நீதிமன்றமும் குறித்து வைக்கவில்லை.