கொச்சிக்கடைக் கரையும் தூண்டில் ரீல்களும்

கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாய் உள்ள கொச்சிக்கடை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடறிந்த இடம். அத்தலம் தோன்றிய கதையைக் கேட்டாலே அக்கரையில் முன்னர் வாழ்ந்தோர் யார் என்பது விளங்கிவிடும். ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமார் மறைந்து திரிய நேர்ந்த நாளில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவரிடம், கரையை அரித்து வரும் கடலைத் தடுத்துத் தருமாறு மீனவர்களே வேண்டிக்கொண்டனர் என்பது மரபு. கடலை நம்பி வாழ்ந்த அம்மக்களின் வழிவந்தோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் கைத்தூண்டிற் கயிற்றை ஒரு மரக்கட்டையிற் சுற்றிவைத்தே கடலுக்குச் சென்றனர். அதே நாளில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைக்கரையில் நின்ற தோட்டத்துரையின் கையிலோ பளபளக்கும் பித்தளை ரீல் ஒன்று இருந்தது. இரண்டும் செய்த வேலை ஒன்றே. ஆயினும் துரையின் ரீலுக்குப் பெயரும் பிறந்த ஆண்டும் உண்டு. மீனவனின் கட்டைக்கு அவை இரண்டும் இல்லை.

தூண்டிற்கோலின் அடியிற் பொருத்தி, கயிற்றைச் சுற்றவும் அவிழ்க்கவும் உதவும் உருளையே ரீல் எனப்படுவது. இதனை ஆங்கிலேயர் கண்ட புதுமையென எண்ணுவோர் பலர். அது தவறு. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓர் ஓவியத்தில், குளிர்கால ஏரியில் தனித்த படகில் அமர்ந்திருக்கும் மனிதனின் கோலில் உருளை ஒன்று தெளிவாகக் காணப்படுகின்றது. அவ்வோவியம் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆங்கில நூல்களில் இக்கருவி பற்றிய பேச்சு எழுவதற்கு, தோமஸ் பார்க்கர் 1651இல் எழுதிய தூண்டில் நூல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையிலே நானூற்றைம்பது ஆண்டுகள்!

எனினும், ரீலை நுட்பமான பொறியாக வளர்த்த பெருமை ஆங்கிலத் தொழில் நகரங்களுக்கு உரியது. அந்தந்த நகரத்தின் பழைய தொழிலே அதன் ரீலிலும் தலைகாட்டுவது சுவையான செய்தி. லேஸ் நெசவுக்கு மரக்கண்டுகள் கடைந்த நொட்டிங்ஹாமிலே மரத்தாலான ரீல் தோன்றிற்று. மரம் ஈரத்தில் ஊதிக் கோணாதபடி, அதன் முதுகில் நட்சத்திர வடிவான பித்தளைச் சட்டத்தைப் பதித்தனர். பிராட்போர்ட் நகரிலே நூலாலை நடத்திய இல்லிங்வேர்த் என்பவர், ஆலையிலே கண்டு அசையாதிருக்க நூல் மட்டும் அதன் நுனியால் அவிழ்ந்தோடுவதைக் கண்டு, அவ்வாறே இயங்கும் ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கும் ரீல்களிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. துப்பாக்கி செய்யும் தொழிலோடு 1872இல் வட இங்கிலாந்தின் அன்னிக் ஊரிலே தொடங்கியது ஹார்டி நிறுவனம். அந்நிறுவனம் உருளையின் அச்சுக்குக் குண்டுகள் இட்டு அமைத்த 'பேர்பெக்ட்' ரீல் 1891 முதல் விற்பனைக்கு வந்தது. மீன் இழுக்கும்போது உருளை கட்டின்றி ஓடாமல் தடுக்கும் பற்சக்கரமும் அதில் உண்டு. அதன் கிர்ரென்னும் ஒலிக்காகவே பழைய ரீலைத் தேடுவோர் இருக்கின்றனர்.

இவை இலங்கைக்கு வந்த காரணம் ட்ரவுட் மீன். ஊர்நினைவு வாட்டிய ஆங்கிலேயர், 1880களிலே அம்மீனின் முட்டைகளைக் கடல் கடந்து கொணர்ந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டனர். 1896இல் நுவரெலியாவிலே இலங்கை மீன்பிடிக் கழகம் நிறுவப்பட்டது. முதலில் விட்ட பழுப்பு ட்ரவுட் நன்கு பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்தது. மீனோடு கோலும், கோலோடு ரீலும், ரீலோடு ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய பட்டுக்கயிறும் கப்பலேறி வந்தன. அப்பட்டுக்கயிற்றை ஒவ்வொரு நாளும் அவிழ்த்து உலர்த்தாவிடின் இற்றுப்போகும். உலர்த்தியவர் துரையல்லர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் நாடு திரும்பினர். அன்னார் விட்டுச் சென்ற தட்டுமுட்டுச் சாமான்களுள் ஒரு பழைய ரீல் இன்றும் எவர்க்கேனும் அகப்படுமாயின், அதனை இனங்காண்பது எவ்வாறு?

முதலிற் செய்யத்தகாதது ஒன்றுண்டு. பித்தளையைக் கண்டதும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. குத்துவிளக்குக்கு அது தகும், ரீலுக்குத் தகாது. செய்தோர் பூசிய கருநிறப் பூச்சு அதனால் நீங்கிவிடும். அப்பூச்சோடு பொருளின் மதிப்பும் அதன் வரலாற்றிற் பாதியும் கழுவுண்டு போகும்.

அடுத்து, முகப்பிற் பொறித்த பெயரை உடனே நம்பிவிடலாகாது. பேர்மிங்ஹாமிலும் ரெடிச்சிலும் செய்த ரீல்களை வாங்கி, தம் பெயரைப் பொறித்து விற்ற வணிகர் பலர். 1891இல் பம்பாயிலே கிளை திறந்த ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் தாங்கிய ரீல்களும் உண்டு. எனவே பெயரைவிட உடலே பெரிய சான்று. கோலிற் பொருந்தும் அடித்தகடு வழுவழுப்பானதா, வரியிட்டதா, பித்தளையா, அலுமினியக் கலவையா என நோக்கவேண்டும். கைப்பிடி தந்தமா, தந்தம்போற் செய்ததா, கருநிற எபொனைட்டா என்பதும் காலத்தைக் காட்டும். காப்புரிமை எண் இருப்பின் இன்னும் நன்று. ஆனால் பிரித்தானியாவில் 1916க்கு முன்னர் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்தே எண்ணி வந்தனர். அவ்வாண்டு முதலே ஒரு லட்சத்து ஒன்றிலிருந்து தொடர்ச்சியாக எண்ணலாயினர். ஆகவே ஆண்டு குறிக்கப்படாத சிறிய எண்ணைக் கண்டு காலத்தைத் துணிபவர் ஏமாறுவர்.

எல்லாவற்றிலும் மனத்தைத் தொடுவது, ரீலைத் திறந்தால் மட்டுமே தெரியும் ஓர் அடையாளம். ஹார்டி ரீல்கள் பலவற்றின் உட்புறத்தில், அதனைப் பொருத்திய தொழிலாளியின் பெயர் முதலெழுத்துக்கள் சிறிதாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வெளியே நிறுவனத்தின் பெயர். உள்ளே உழைத்தவனின் இரண்டெழுத்து. வாங்கிய துரை வாழ்நாள் முழுதும் அதைக் காணாதிருந்திருக்கலாம். அவ்விரண்டெழுத்தைக் கொண்டே அந்த ரீல் எக்காலத்தது என்று கணிப்போர் இன்று உளர்.

கொச்சிக்கடை மீனவன் தன் கட்டையில் அவ்விரண்டெழுத்தையும் பொறிக்கவில்லை. ஆனால் அவன் தொழிலில் நுட்பம் குறைவென்பது பொருந்தாது. பருத்திக் கயிறும் சணற்கயிறும் உப்புநீரில் இற்றுப்போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைக்கும் வழக்கம் நம் கரையோரங்களில் இருந்தது. துரையின் எண்ணெயூட்டிய பட்டுக்கு இது எவ்வகையிலும் இளைத்ததன்று. ரீலின் பற்சக்கரம் செய்த வேலையை அவனுடைய சுட்டுவிரல் செய்தது. பாரையோ அறக்குளாவோ இழுத்து ஓடுங்கால், எவ்வளவு விடுவது, எப்போது பிடிப்பது என்பதை அவ்விரலே அறியும். பொறி தேய்ந்தால் மாற்றலாம். விரலில் விழுந்த வெட்டு ஆறும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

இவற்றையும் எழுதிவைக்கத் தக்கவை என்று கருதியவர் சிலரே. 1902இல் முத்துக்குளிப்பு ஆராய்ச்சிக்காக ஹெர்ட்மனுடன் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் ஹோர்னெல், பின்னர் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரானார். தென்னிந்திய, இலங்கைக் கரைகளின் கட்டுமரம், வள்ளம், வலை, தூண்டில் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதிய அவர், இல்லையேல் மறைந்துபோயிருக்கும் பலவற்றைக் காத்தவர். 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகும் நைலான் நூலும் பரவின. தங்கூசி வந்ததும் பனிச்சங்காய்க்கு வேலை போயிற்று. பழைய கட்டைகள் அடுப்புக்குப் போயின. ஒரே காலத்துப் பொருள்களில் ஒன்றுக்குக் கண்ணாடிப் பேழையும் மற்றதற்கு அடுப்பும் வாய்த்தது முறையன்று. பின்னாளில் ஒருவர் எஞ்சிய பொருள்களை மட்டும் வைத்து வரலாறு எழுதப் புகுந்தால், இந்நாட்டிலே தூண்டிற்கலை அறிந்தவர் துரைமார் மட்டுமே என்று முடிவு செய்துவிடுவார்.

முகத்துவாரத்திலோ கொச்சிக்கடையிலோ ஒரு பழைய வீட்டின் பரணில் அத்தகைய கட்டை ஒன்று இன்னும் கிடக்குமாயின், அதில் எழுத்தைத் தேடிப் பயனில்லை. கயிறு உராய்ந்த தடம் எவ்வளவு ஆழம், எந்த விளிம்பு கூடுதலாகத் தேய்ந்துள்ளது, சாற்றின் கறை மரத்தில் எதுவரை ஊறியுள்ளது என்று பார்க்கவேண்டும். வீட்டிலே முதியவர் எவரேனும் இருந்தால், அது யார் கையில் இருந்தது என்று கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அதனோடு கட்டிவைக்கவேண்டும்.