மெக்கில் வலி வினாநிரல்

வலியைச் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகளைக் கொண்டே வலியை மதிப்பிடும் மருத்துவக் கருவி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் (1929–2019) இதை 1975இல் வெளியிட்டார். பேட்ரிக் வாலுடன் சேர்ந்து 1965இல் வலி பற்றிய 'வாயில் கோட்பாட்டை' முன்வைத்தவரும் இவரே.

வலி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் எரிச்சலும் குடைச்சலும் ஒரே எண்ணுக்குள் மறைந்துபோகும். 1950களில் அமெரிக்காவின் ஓரிகனில் பணியாற்றியபோதே மெல்சாக் நோயாளிகளின் வாய்ச்சொற்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். பிறகு வாரன் டார்கர்சனுடன் சேர்ந்து 102 சொற்களை வகைப்படுத்தினார். ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கடுமையானது என்பதை மருத்துவர்கள், நோயாளிகள், மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் மதிப்பிட்டனர். அந்த ஆய்வு 1971இல் வந்தது.

வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக உள்ளன. முதல் பத்தும் உடல் உணர்வு: விண்விண்ணென்று தெறிக்கும் 'த்ராபிங்', சுரீரென்று பாயும் 'ஷூட்டிங்' போன்றவை. அடுத்த ஐந்தும் வலி மனத்தை என்ன செய்கிறது என்பதைச் சொல்பவை. இவற்றுள் பதினான்காம் தொகுதி தனிக் கவனத்துக்குரியது. 'பனிஷிங்', 'குரூவலிங்', 'குரூவல்', 'விஷஸ்', 'கில்லிங்' என அது ஏறிச் செல்கிறது. நெடும் பயணத்துக்கும் முதுகொடியும் வேலைக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் 'குரூவலிங்' இங்கே தண்டனையாக உணரப்படும் வலியைக் குறிக்கிறது. இத்தகைய சொல்லை மிகைப்பேச்சு என்று ஒதுக்குவது தவறு. நோயாளியின் தாங்குசக்தி எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பதினாறாம் தொகுதி ஒட்டுமொத்த மதிப்பீடு. 'அன்பேரபிள்' அதன் உச்சம். 'அகனைசிங்', 'டார்ச்சரிங்' இரண்டும் கடைசித் தொகுதியில் வருகின்றன.

ஒரு தொகுதியிலிருந்து ஒரு சொல்லுக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது. பொருந்தாத தொகுதியை விட்டுவிடலாம். தேர்ந்த சொற்களின் வரிசை மதிப்பைக் கூட்டினால் வலிக் குறியீடு கிடைக்கும். அந்த நேரத்து வலிக்கு 0 முதல் 5 வரை தனி அளவுகோலும் உண்டு. அதில் 5 என்பது 'எக்ஸ்குரூஷியேட்டிங்'.

இக்கருவியைக் கொண்டு மெல்சாக் குழுவினர் பிரசவ வலியையும் ஆராய்ந்தனர். தலைப்பிரசவப் பெண்களின் சராசரிக் குறியீடு, முன்பே பிள்ளை பெற்றவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது. பிரசவத்துக்கு முன் பயிற்சி பெற்றவர்களிலும் பலர் கடும் வலியையே பதிவு செய்தனர்.

15 சொற்கள் கொண்ட சுருக்க வடிவம் 1987இலும், நரம்புசார் வலிக்கான சொற்களையும் சேர்த்த 22 கூற்று வடிவம் 2009இலும் வந்தன. பல மொழிகளில் பெயர்ப்புகள் உள்ளன. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கடுமையின் வரிசை குலையும். ஆகவே அந்தந்த மொழி பேசுவோரிடமே சொற்களைத் திரட்டி, அவர்களையே எடைபோடச் செய்ய வேண்டும்.