பெயரில்லாதவர்க்கும் ஒரு நடுகல்

 முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக் பெருமகனாரின் வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கில் சிறு பிள்ளையும் சொல்லும்; அதை இங்கு விரிக்கவில்லை. அந்த அணை வேலையில் மடிந்தவர்களைப் பற்றிச் சொல்லவே நம் மண்ணின் நடுகல் மரபிலிருந்து தொடங்குகிறேன்.

ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள், எழுத்துப் பொறித்த நடுகற்களில் மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட பேடு தீயன் அந்தவன் என்னும் வீரனுக்கு எடுத்தது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியர் புறத்திணையியலில் முறை வகுத்திருக்கிறார். அந்த முறைப்படி வாழ்ந்த மண் இது. ஆநிரைப் பூசலில் வீழ்ந்தவன் பெயரை ஈராயிரம் ஆண்டு கழித்தும் தமிழ் பிராமியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். இதைவிடப் பெருமை நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் 1887 முதல் 1895 வரை அந்த அணைக்காகப் பெரியாற்றுக் காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் சுமந்து, மலைக்காய்ச்சலில் மடிந்த கூலிகளுக்குக் கல் எங்கே? பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதிய பெரியாறு திட்ட வரலாற்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். அரிய நூல்தான்; ஆனால் கூலிகளின் பெயர்ப் பட்டியல் அதில் இல்லை.

அணை கட்டி நீர் தந்த அதே ஆங்கிலேய ஆட்சிதான், பிறப்பாலேயே மக்களைக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் தந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் அச்சட்டப்படி ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உட்பட 16 பேர் உயிர்நீத்தனர். நன்றியையும் இந்த நினைவையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதே நேர்மை. செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர்தான் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

இப்படி நினைவைக் காத்த ஊர்கள் உண்டு. அடிமை வணிகத்தில் கொழுத்த லிவர்பூல் நகரமே 2007இல் அந்த வரலாற்றுக்கென அருங்காட்சியகம் திறந்தது. இலங்கையில் கம்பளை அருகே, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் என்னும் வரிசை வீட்டையே அவர்களுக்கான அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள்.

லோயர்கேம்பில் 2013இல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபத்தை ஒட்டிக் கூலிகளுக்கும் ஓர் அறை வேண்டுமென அரசிடம் கேட்போம். அணை வேலைக்குப் போன பூட்டன் பெயர், போடி வழியாகக் கண்ணன் தேவன் தேயிலை மலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன குடும்பத்தின் கடிதம், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வெளியூர் செல்லக் கொடுத்து இன்று பரணில் கிடக்கும் ராதாரிச் சீட்டு, எதுவாயினும் சரி, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி இம்மலரை வெளியிடும் விழாக் குழுவிடம் சேர்ப்பியுங்கள்.