மண்டபம் கேம்ப்

ராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தைத் தொடுவதற்கு முன் ஒரு நிறுத்தம் வரும். பெயர் 'மண்டபம் முகாம்'. ஊர்க்காரர்களுக்கு வெறும் 'கேம்ப்'. இலங்கை அகதிகளை வைத்தே இன்று அந்தப் பெயரை அறிகிறோம், ஆனால் அந்த முகாம் அவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது முதலே இலங்கை அரசுக்குக் கிலி. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்து தோட்டக் கூலிகள் சாரிசாரியாகக் கடல் கடந்தபோது, அவர்களை இந்தியக் கரையிலேயே நிறுத்திவைக்க அந்த அரசு நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம் இது. வந்தவர்களைக் குளிக்கவைத்து, துணிமணிகளை நீராவியில் வாட்டி, சில நாள் அடைத்துவைத்துப் பார்ப்பார்கள். நோயில்லை என்று உறுதியானால் கப்பல். எந்தத் தோட்டத்து ஆள் என்று அறிய அக்காலத்தில் எண் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள். ஆளைத் தங்கவைக்கும் இடமல்ல, சலித்தெடுக்கும் இடம்.

இந்தச் சுபாவம் பிறகும் மாறவில்லை என்பதே என் வாதம். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அந்தத் தோட்டக் கூலிகளின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் வந்த அவர்களில் ஏராளமானோர் இதே மண்டபத்தில் இறங்கினார்கள். கடனுதவி, வேலை என்று ஏதோ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நீலகிரியில் அவர்களுக்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. ஏமாற்றப்பட்டவர்கள், கொத்தடிமையானவர்கள் உண்டு. அந்த மறுவாழ்வைப் புகழ்வதற்கில்லை. ஆனாலும் முகாமுக்கு ஒரு வெளிவாசல் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களுக்கு அந்த வாசல் இல்லை. பத்தடிக்குப் பத்தடி அறை, சேலையைக் குறுக்கே கட்டினால் இரண்டு அறை. தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் பணக்கொடைக்கு ஆபத்து. மாநிலம் முழுக்கப் பிரித்து அனுப்பப்பட்டவர்களுக்கும் இதே கதைதான். இவர்களிலும் கணிசமானோர் மலையக வம்சாவளியினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே மக்கள், அதே கடல், அதே கரை. வேறுபட்டது கையிலிருந்த தாள்.

தமிழ்நாடு கொடுத்ததை மறக்கலாமா என்று கேட்பார்கள். மறக்கக் கூடாது. அரிசி, பள்ளி, கல்லூரி இடம் எல்லாம் கிடைத்தன. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடாத நிலையில் இது சிறிய காரியமல்ல. ஆனால் சலுகையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கெடுபிடி தவிர்க்க முடியாதது என்பது அடுத்த வாதம். சந்தேகத்துக்குரியோரை அடைக்கத் தனியே சிறப்பு முகாம்கள் இருந்தனவே! அப்படியிருக்க, ரேஷன் வாங்கும் கிழவிக்கு எதற்குத் தணிக்கை? இங்கே வேர்விட்டால் ஈழத்துக்குத் திரும்பும் உரிமை போய்விடும் என்பவர்களின் கவலை நியாயமானதுதான், குறிப்பாக அங்கே காணியை விட்டுவந்தவர்களுக்கு. ஆனால் ஒழுகாத கூரையின் கீழ் படுத்தவன் ஊரை மறப்பான் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

2021இல் அரசு சொன்ன கணக்கு: 108 முகாம்களில் 58,822 பேர். பழுதடைந்தவற்றுக்குப் பதில் 7,469 வீடுகள் கட்டவும் அறிவிப்பு வந்தது. 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று, 'முகாம்' போகவில்லை. குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. டெல்லி 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. பழைய சட்டமோ 1987 ஜூலை 1ஐக் கோடாகப் போட்டிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் மண்டபம் முகாமில் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகன். மறுநாள் பக்கத்து அறையில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை அகதி.