மடக்கெழுத்தாணி: நம் முன்னோர் மடியிலிருந்த கத்தி

சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தியைத் தமிழராகிய நாமும், நம்மை அணைத்து வாழ்விக்கும் மலையாள மக்களும் 'பேனாக்கத்தி' என்னும் ஒரே பெயரால் வழங்கி வருகின்றோம். வித்துராக் கடைத்தெருவில் அப்பெயரைச் சொன்ன அளவிலே கடைக்காரர் பொருளை எடுத்து நீட்டுவர். ஆயினும், பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என எண்ணிப் பார்ப்பார் அரியர். போர்ச்சுகீசிய மொழியில் 'பெனா' என்பது பறவையின் இறகு. இறகின் அடித்தண்டைச் சீவிப் பிளந்து, மையில் தோய்த்து எழுதிய நாளில், அவ்விறகைச் சீவுதற்கென்றே மேனாட்டார் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. இறகு மறைந்து நெடுநாளாயிற்று. கத்தியும் பெயரும் நிலைத்துவிட்டன.

இக்கத்திகளைத் தேடித் தொகுப்போர் இன்று உலகெங்கும் உளர். தபால்தலை சேர்ப்பாரும் நாணயம் சேர்ப்பாரும் போல, கத்தி சேர்ப்பாருக்கும் தனி மரபும் தனிச் சுவையும் உண்டு. கத்தியின் அமைப்பை ஒட்டி வகைகள் பல வகுத்து, வகைக்கொரு பெயரும் சூட்டியுள்ளனர். அவற்றுள் மூத்தது எனத்தக்கது 'பார்லோ'. பிடியின் தலைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இரும்புக் கட்டே மூடியிருப்பது அதன் அடையாளம். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் பிறந்து, அமெரிக்கச் சிறுவர்தம் பையில் பெரும்புகழ் பெற்றது. மார்க் ட்வெய்ன் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் கதையிலும் அச்சிறுவனுக்குக் கிடைக்கும் பரிசு ஒரு பார்லோக் கத்தியே. மாடு மேய்ப்பார்க்கு ஏற்ற மூன்று அலகுடைய 'ஸ்டாக்மன்', ஓடம் போல் இருமுனையும் உயர்ந்த 'கேனூ', முதுகு உள்வளைந்து பெரும்பாலும் நான்கு அலகு கொண்ட 'காங்கிரஸ்' முதலியன அமெரிக்கர் விருப்பத்திற்குரியவை. பிரான்சு நாட்டில் 1829 முதல் லாகியோல் கத்தியும், 1890 முதல் மரப்பிடியுடைய ஒப்பினெல் கத்தியும், 1897இல் காப்புரிமை பெற்ற சுவிட்சர்லாந்து அதிகாரிக் கத்தியும் அவ்வாறே போற்றப்படுவன. நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்து இராம்பூர்க் கத்திக்குப் பெயருண்டு. நற்பெயர் என்று சொல்வதற்கில்லை. எனினும் அவ்வூரார் 2023ஆம் ஆண்டில் இருபதடி நீளக் கத்தியொன்றை நாற்சந்தியில் நிறுத்தித் தம் கைத்தொழிலைப் பெருமைப்படுத்தினர்.

தொகுப்போர் எவற்றைப் பார்க்கின்றனர்? அலகின் அடியில் பொறித்த செய்தவன் முத்திரையைப் பார்க்கின்றனர். சாணைக்கல்லில் தேய்ந்து மெலியாத முழு அலகா என்று பார்க்கின்றனர். மடக்கும்போது எழும் ஒலியைச் செவிசாய்த்துக் கேட்கின்றனர்! முதுகில் எஃகு வில்லமைத்து, திறந்த அலகு தானே மடங்காதிருக்கச் செய்யும் முறை பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெபீல்டில் பரவியது. அவ்வில்லின் வலிமையைக் காட்டுவது அவ்வொலியே. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பிடியைப் பார்க்கின்றனர். பிடிகளிற் சிறந்தது மான்கொம்புப் பிடி என்பது அவர்தம் துணிபு. அஃது எந்த மான் தெரியுமா? நம் மலைக்காடுகளில் திரியும் மிளாதான்! பெப்பாறைக் காட்டு வழியே சென்றோர் மிளாவைக் கண்டிருப்பர். உட்புறம் திண்மை மிக்க அதன் கொம்பு, ஆண்டுதோறும் உதிர்வது, இந்தியக் காடுகளில் பொறுக்கப்பெற்றுக் கப்பலேறி, ஷெபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் அமெரிக்காவிலும் கத்திப்பிடியாயிற்று. இந்திய அரசு பின்னர் அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. அதன்பின் மிளாக்கொம்புப் பிடியிட்ட பழங்கத்திகளின் விலை ஏறியது இயல்பே.

இங்ஙனம் கொம்பு தந்த நாட்டில் மடக்குக் கத்தி இல்லையோ என்றொரு வினா எழும். இருந்தது, அதுவும் எழுத்தோடு பிறந்த கத்தியாகவே இருந்தது. மேனாட்டார் பேனாக்கத்தி எழுதுகோலைச் சீவிற்று. நம் முன்னோர் கத்தியோ எழுதுகோலையே தன்னுள் மடக்கி வைத்திருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி.

எழுத்தாணி வகைகளை நம் மக்கள் தொழிலறிந்து பெயரிட்டனர். தலை திரண்டு முனை மழுங்கிய குண்டெழுத்தாணி எழுதப் பழகுவார்க்கு உரியது. நீண்டு கூர்த்த கூரெழுத்தாணி கைதேர்ந்தார்க்கு உரியது. ஒருமுனை எழுத்தாணியும் மறுமுனை கத்தியுமாக அமைந்தது வாரெழுத்தாணி. ஓலையை வார்ந்து கொள்வதற்கும் அதுவே கருவி என்பதைப் பெயரே காட்டும். அவ்விரு முனைகளையும் பிடிக்குள் மடங்குமாறு செய்து, மடியில் செருகினும் உடல் குத்தாதவாறு அமைத்ததே மடக்கெழுத்தாணி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இச்சொல் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். அப்பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை, திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர் என்பதும், ஏட்டுச்சுவடி தேடித் தொகுத்தவர் என்பதும் இவ்வட்டாரத்துத் தமிழராகிய நமக்குச் சற்றே பெருமை தருவன.

எழுதுவோனுக்குக் கத்தி எதற்கு என்று இக்காலத்து இளைஞர் வினவக்கூடும். கடையில் தாள் வாங்குவது போல ஓலை வாங்கியவர் அல்லர் அக்காலத்தவர். முற்றாமலும் இளசாகாமலும் பதமாயிருக்கும் ஓலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கினாலோ வழவழப்பான கல்லினாலோ தேய்த்து மெருகேற்றிய பின்னரே எழுத்து அதில் ஏறும். ஓரம் பிசிறினால் கத்தி வேண்டும். அளவு மிகுந்தால் கத்தி வேண்டும். எழுதும்போது எழுத்தாணி வழுவாதிருக்க, இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து அதில் பள்ளம் வெட்டிக்கொள்வதும் வழக்கம். அதற்கும் அக்கத்தியே உதவியிருக்கும் போலும்! ஓலையும் எல்லாம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் நாட்டுப்பனையோலை மிகுதி. இம்மலைநாட்டிலோ குடப்பனை எனப்படும் தாளிப்பனையின் மெல்லிய அகன்ற ஓலையும் பயின்றது. வாழ்நாளில் ஒருமுறையே பூத்து மடியும் அம்மரத்தைக் கண்டோர் மறவார்.

திருவிதாங்கூர் அரசு ஓலையில் நடந்த அரசு என்றால் மிகையாகாது. நிலவரி, கோயிற் கணக்கு, ஆணை, வழக்கு யாவும் ஓலையில் பொறிக்கப்பெற்றுச் சுருணைகளாகக் கட்டிவைக்கப்பட்டன. பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் அவற்றுள் பழமை சான்றவை. திருவனந்தபுரம் கோட்டையிலுள்ள ஆவணக் காப்பகத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஓலைகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அங்கே 2022இல் ஓலைச்சுவடிக் காட்சியகமும் திறக்கப்பெற்றது. இக்காலம் குமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரத்திற்கு அணித்தாகிய மணலிக்கரை மடத்தில், கணபதி சாஸ்திரியார் 1909இல் மலையாள எழுத்தில் அமைந்த சுவடியொன்றைக் கண்டெடுத்தார்; மறைந்ததாகக் கருதப்பெற்ற பாச மகாகவியின் நாடகங்கள் அவ்வோலைகளில் இருந்தன. 1912 முதல் அவை அச்சேறியபோது அறிஞருலகம் வியந்தது. ஒரு கோடி ஓலை என்றால், அவற்றை வார்ந்த கத்திகள் எத்தனை! எழுதிய ஆணிகள் எத்தனை! ஏடு தேடி ஊரூராய் அலைந்த பெரியோரை நாடு அறியும். அவ்வேட்டை வார்ந்த கத்தியைத் தேடி அலைந்தவர் எவரையும் யாம் கேள்விப்பட்டதில்லை.

வாளுக்கு அக்குறை இல்லை. கம்பர் வழிபட்டதென மரபு கூறும் சரசுவதி திருவுருவம் ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் எழுந்தருளும்போது, அரண்மனையில் உடைவாளைக் கைம்மாற்றும் சடங்கு இன்றும் சிறப்புற நிகழ்கின்றது. கலைமகளுக்கு முன் வாள் செல்கின்றது. கலைமகளுக்கு உண்மையில் உழைத்த கத்தியோ பழைய இரும்புக்காரன் தராசில் ஏறிற்று.

ஈழத்தில் நிலைமை சற்று வேறு. கண்டி அரசர் பட்டறைகளில் செய்யப்பெற்ற 'பிஹகேத்த' என்னும் உறைக்கத்தி, தந்தப்பிடியும் வெள்ளி வேலைப்பாடும் உடையது. அதன் உறையின் பக்கத்தே எழுத்தாணிக்கென ஓர் இடம் அமைத்திருப்பர். யாழ்ப்பாணத் தமிழ்க்குடியில் தோன்றிய முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அந்நாட்டுக் கம்மியர் தொழிலையெல்லாம் எழுதி வைத்தார். அதன் பயனாக அக்கத்தியை உலகத்துத் தொகுப்போர் பலரும் பெயர் சொல்லித் தேடுகின்றனர். நம் மடக்கெழுத்தாணிக்கு அத்தகைய ஆசிரியர் வாய்க்கவில்லை. அன்றியும் அஃது அரசன் பட்டறைப் பொருளன்று. ஊர்க்கொல்லன் உலையில் வடித்துக் கணக்கனுக்குத் தந்தது. முத்திரை இல்லை. வில் இல்லை, யாம் கண்டவற்றில் ஆணியின் இறுக்கமே அலகைத் தாங்கிற்று. எனவே ஒலியும் இல்லை. தொகுப்போர் வகுத்த தேர்வுகளில் ஒன்றிலேனும் தேறாத கத்தி அது!

மேனாட்டுப் பேனாக்கத்தி பிழைத்ததற்கும் நம் கத்தி மாண்டதற்கும் காரணம் அவற்றின் அமைப்பிலேயே உளது என்பது எம் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஆலைகளிலிருந்து எஃகு முனைகள் வந்ததும் இறகு வீழ்ந்தது. ஆயினும் கத்தி தனிப்பொருளாதலின் பென்சில் சீவிற்று, பழம் நறுக்கிற்று, பிழைத்துக்கொண்டது. இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்த 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்ட பின், இங்கும் தாளும் அச்சும் பெருகின, ஓலை வீழ்ந்தது. நம் கத்தியோ எழுதுகோலோடு ஒருடலாய்ப் பிணைந்திருந்தது. ஓலை போனபோது கோலும் கத்தியும் சேர்ந்தே போயின. ஆப்பிரகாம் லிங்கன் 1865இல் சுடப்பட்டபோது அவர் பையிலிருந்த சிறு கத்தி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காக்கப்படுகின்றது. அதன் அலகுக்காக அன்று, அதை வைத்திருந்தவருக்காக. முத்திரையற்ற நம் கத்திக்கும் அதுவே தகுதி. யார் மடியிலிருந்தது, எந்த ஓலையை எழுதியது என்னும் செய்தியோடு சேர்ந்தால் அது வரலாறு. பிரிந்தால் இரண்டு அவுன்ஸ் இரும்பு.

இதனை வலியுறுத்திக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்தில் அத்தகைய மடக்கெழுத்தாணி ஒன்று இருக்கின்றது. அவர் பாட்டனார் தென்திருவிதாங்கூரில் கணக்கெழுதிய குடும்பத்தினர். தேயிலைத் தோட்ட வேலைக்காகப் பொன்முடி அடிவாரம் வந்தபோது ஓர் ஓலைக்கட்டும் இக்கத்தியும் உடன் வந்தன. இங்கு எழுத ஓலையேது? பாட்டனார் அக்கத்தியால் பாக்குச் சீவினார். பாட்டியார் மிளகுக்கொடி கட்ட நார் கிழித்தார். அலகு சாணையில் தேய்ந்து பாதியாயிற்று. எழுத்தாணியோ பிடிக்குள் துருவேறி அசையாது கிடந்தது. அண்மையில் வந்த பழம்பொருள் வணிகர் ஒருவர் கத்திக்கு நல்ல விலை கூறினார். ஓலைக்கட்டு வேண்டாம் என்றார். வீட்டிலே இரு கருத்துகள் எழுந்தன. பணத்தேவையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. முடிவில் மூத்த மகளார், "கொடுத்தால் இரண்டையும் ஒருங்கே கொடுப்போம், இல்லையேல் இரண்டும் இங்கேயே கிடக்கட்டும்" என்றார். வணிகர் சென்றுவிட்டார்.

சென்ற திங்களில் யாம் சிலர் அவ்வில்லத்திற்குச் சென்றிருந்தோம். எட்டு நாள் தேங்காயெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தனர். அன்பர் துணியால் பற்றி மெல்ல இழுக்க, எழுத்தாணி வெளிப்பட்டது. பிடிக்குள் ஒளிந்திருந்தமையால் முனை அதிகம் கெடவில்லை. கட்டின் இறுதியில் எழுதாத வெற்றோலை மூன்று இருந்தன. அவற்றைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை. எனவே தோட்டத்துத் தென்னோலையில் அவர் தம் பாட்டனார் பெயரைக் கீறிப் பார்த்தார். தென்னோலை கிழிந்தது. பெயரின் முதலிரண்டு எழுத்துகள் மட்டும் விழுந்தன.